கூட்ஸ் வண்டி என்ன பாவம் செய்தது?

2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி நாகர்கோவில் - சென்னை எழும்பூர் வந்தே பாரத் தொடங்கியது. அன்று முதல் ஒரு மாத காலம் நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு படமே கிடையாது. வெள்ளை மூக்கு முன்னால் வரும், போகும். நல்ல வண்டிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே தண்டவாளத்தில் நமக்கு ரேஷன் அரிசி கொண்டுவருகிற கூட்ஸ் வண்டியின் படம் ஒன்றாவது யாராவது அனுப்பியது உண்டா? ஆந்திராவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் 42 வேகன்களில் ஏறக்குறைய 2,600 டன் அரிசி வந்து இறங்குகிறது. லாரியில் ஏற்றிப் பள்ளிவிளைக் கிட்டங்கிக்குப் போகிறது. பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். படம் வராது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் வரப்பில் நின்று நான் கேமராவைத் தூக்கினால் வழியில் போகிறவர்கள் நிற்கிறார்கள். "சார், இது கூட்ஸ் வண்டில்லா? இதப் போயி என்னத்துக்கு எடுக்கிய?" என்று கேட்கிறார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அடுத்த எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இன்னொரு ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், சீருடைக்காரர் ஒருவர் என்னை உளவாளி மாதிரி பார்த்தார். "பாசஞ்சர் வண்டின்னா சரி, கூட்ஸை எதுக்கு எடுக்கணும், யாருக்கு அனுப்பணும்?" என்றார். அறுபத்தெட்டு வயதில் நிலக்கரி வேகனை எண்ணி யாருக்கு அனுப்பப் போகிறேன்?

ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. 2023-24-இல் ஏற்றிய சரக்கு 158 கோடி டன்னுக்கு மேல். அதில் பாதிக்குக் கிட்ட நிலக்கரி. நம் டிக்கெட் காசு வண்டியை ஓட்டுகிற செலவுக்கே போதாது. அந்தப் பள்ளத்தை நிரப்புவது இந்த அழுக்கு வேகன்கள்தான். இருந்தும் லூப் லைனில் மணிக்கணக்காக ஒதுங்கி நிற்பது கூட்ஸ்தான். குடும்பத்தில் சம்பாதித்துப் போட்டுவிட்டுப் பந்தியில் கடைசியாகச் சாப்பிடுகிற மூத்த அண்ணன் மாதிரி.

சம்பாத்தியத்தை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி எந்த ஊரில் நின்றாலும் ஒரே மாதிரிதான். கூட்ஸ் அப்படியில்லை. தூத்துக்குடிப் பக்கம் போனால் உப்பளம், நிலக்கரி. தாழையூத்தில் 1949-இலிருந்து சிமெண்ட். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகிற வண்டி முழுக்கக் கரி. ஒரு ஊர் எதைத் தோண்டுகிறது, எதை விளைவிக்கிறது, எதை வெளியிலிருந்து வாங்கித் தின்கிறது என்று கூட்ஸைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நெல் விளைந்த நாஞ்சில் நாட்டுக்கே அரிசி வேகனில் வருகிறது என்றால், அந்த வேகனுக்குப் பின்னால் தெரிகிற வயலையும் சேர்த்துத்தானே எடுக்க வேண்டும்?

இங்கேதான் ரயில் ரசிகர்களோடு எனக்குச் சண்டை. இளைஞர்கள், ஆர்வமானவர்கள், எஞ்சின் பெயரெல்லாம் மனப்பாடம். டபிள்யூ.ஏ.ஜி. 9 என்றும், மாதேபுராவில் செய்த 12,000 குதிரைசக்தி டபிள்யூ.ஏ.ஜி. 12 என்றும் தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் கூட்ஸைப் படம் எடுக்கிறார்கள், மறுக்கவில்லை. எப்படி எடுக்கிறார்கள்? எஞ்சின் முகம் மட்டும், சட்டம் முழுக்க. ஆரல்வாய்மொழியில் எடுத்ததா, இட்டார்சியில் எடுத்ததா என்று எடுத்தவருக்கே ஒரு வருடம் கழித்துத் தெரியாது. எஞ்சின் நம்பரை ரயில்வே எப்படியும் பதிவு செய்து வைத்திருக்கும். அந்தக் குளத்தை, அந்தப் பனைகளை, அந்த அறுப்பு வயலை யார் பதிவு செய்வார்கள்?

எஞ்சின் கடந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள், அதுவும் எனக்கு எரிச்சல். கடைசியில்தானே பிரேக் வேன் வருகிறது! அதில்தான் ஒரு மனிதர் இருக்கிறார். 2022-இலிருந்து அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். நமக்கு என்றைக்கும் கார்டு. பழைய வேன் என்றால் மின்விசிறிகூட இருக்காது, ராத்திரி முழுக்கத் தனியாக உட்கார்ந்து வருவார். நாம் சின்னப் பிள்ளையில் கை காட்டினால் பச்சைக்கொடியை ஆட்டிய மனிதர். அவர் இல்லாமல் படம் முடிந்துவிடுமா?

தண்டவாளத்தை விட்டு இருநூறு, முந்நூறு மீட்டர் விலகி வாருங்கள். மண் ரோடோ குளத்துக் கரையோ போதும், கொஞ்சம் உயரமாக இருந்தால் இன்னும் நல்லது. அறுநூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டி, மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்தால் உங்கள் முன்னால் கடக்க முழுசாக ஒரு நிமிடம் ஆகும். வளைவில் எஞ்சினும் பிரேக் வேனும் ஒரே படத்தில் விழும். காலை வெயிலில் அந்தத் துருச் சிவப்பு வேகன்கள், பின்னால் காற்றாலைகள், அதற்கும் பின்னால் மலை. ஆனி ஆடிக் காற்றில் கேமராவைப் பிடித்து நிற்பதுதான் பாடு, வேறு கஷ்டம் இல்லை.

தண்டவாளத்தில் நின்று எடுப்பவர்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. நிற்கிற கூட்ஸின் மேல் ஏறி செல்பி எடுக்கிறார்களே, தலைக்கு மேலே இருப்பது 25,000 வோல்ட். கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை, கிட்டப் போனாலே போதும். எத்தனை பிள்ளைகள் போய்விட்டார்கள். போதும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தூரத்திலிருந்துதான் எடுக்கிறார்கள், பிறகு போனிலேயே மின்கம்பத்தை அழிக்கிறார்கள், காற்றாலையை அழிக்கிறார்கள், புல்லுக்குக் கிளிப்பச்சை பூசுகிறார்கள். இது படமா, காலண்டரா? என் அக்கா மகன் 2009-இல் எடுத்த ஒரு கூட்ஸ் படம் என்னிடம் இருக்கிறது. டீசல் எஞ்சின், ஒற்றைப் பாதை, பின்னால் தாமரை நிறைந்த குளம், கரையில் மாடு. இப்போது இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி, குளத்தின் ஒரு ஓரத்தில் பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். அன்று அவன் "மாடு நல்லா இல்ல" என்று அழித்திருந்தால் குளத்துக்கு அந்தப் பக்கமும் கரை இருந்தது என்று நான் எதைக் காட்டிச் சொல்வேன்?

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்று ஒருவர். 1950-களில், நீராவி எஞ்சின் போகப் போகிறது என்று தெரிந்ததும், ஒரே ஒரு ரயில்வேயின் பாதைகளில் அலைந்து எடுத்தார், பெரும்பாலும் ராத்திரியில். அவருடைய பேர் பெற்ற படத்தில் காரில் உட்கார்ந்து ஒரு ஜோடி திறந்தவெளி சினிமா பார்க்கிறது. திரைக்குப் பக்கத்தில் புகை கக்கிக்கொண்டு போவது ஒரு கூட்ஸ் வண்டி. அந்த ஊர் எப்படி இருந்தது, ஜனங்கள் சாயங்காலம் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

நம் பக்கம்? செங்கோட்டை - கொல்லம் மீட்டர் கேஜ் பாதை 1904-இல் வந்தது. 2010-இல் மலைப்பகுதியில் வண்டியை நிறுத்தினார்கள், அகலப்பாதையாகி 2018-இல் திரும்பத் திறந்தது. கடைசி நாள் பயணத்தின் படங்கள் ஏராளம், பதிமூன்று கண் பாலத்தின் மேல் பயணிகள் வண்டி போகிற படங்கள் அதைவிட ஏராளம். அந்தப் பாலத்தின் மேல் சரக்கு வண்டி போகிற படத்தைத் தேடித் தேடி எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிலிம் ரோலில் 36 படம்தான், கூட்ஸுக்குச் செலவழிக்க யாருக்கு மனசு வரும், அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. இப்போது எந்த ரோல் தீர்ந்துபோகிறது?

தென்காசி, செங்கோட்டை, திருச்செந்தூர்ப் பக்கத்து நண்பர்கள் பழைய ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஸ்டேஷனில் மாப்பிள்ளையை வழியனுப்பிய படமாக இருக்கும், பின்னால் தற்செயலாக நாலு மீட்டர் கேஜ் வேகன் விழுந்திருக்கும். வெட்டி ஒட்டாதீர்கள். பின்பக்கம் ஊரும் வருஷமும் எழுதி வையுங்கள், மெல்லப் பென்சிலால். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.