நுரையில் போகாத அழுக்கு

சிங்க் அடைத்துக்கொண்டால் ஆப்பசோடாவைக் கொட்டு, அதன்மேல் வினிகரை ஊற்று. இந்தக் குறிப்பைக் கேட்காதவர்கள் இன்று குறைவு. வாட்ஸ்அப்பில் வருகிறது, யூடியூபில் வருகிறது, உறவினர் வீட்டுப் பேச்சிலும் வருகிறது. அடுப்பு மேடைக்கு வினிகர், தரைக்கு வினிகர், கண்ணாடிக்கு வினிகர், துணிக்கு வினிகர், கடைசியில் கிருமிக்கும் வினிகர். எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: அது இயற்கையானது, கெமிக்கல் இல்லாதது. இந்த நம்பிக்கை தவறு. வினிகர் பாதி இடங்களில் வேலை செய்யாது, சில இடங்களில் வீட்டைக் கெடுக்கும், ஓர் இடத்தில் உயிருக்கே உலை வைக்கும்.

முதலில் அந்த நுரையைப் பார்ப்போம், ஏனென்றால் நம்பிக்கை பிறப்பதே அதைப் பார்த்துத்தான். ஆப்பசோடா காரம், வினிகர் அமிலம். சேர்த்தவுடன் ஒன்றின் வலுவை மற்றொன்று தீர்த்துவிடுகிறது. பொங்கி வருவது கரியமில வாயு. கோலி சோடாவில் அடைத்திருக்கும் அதே வாயு. அடியில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற சாதுவான உப்பு கரைந்த தண்ணீர். 84 கிராம் ஆப்பசோடா 60 கிராம் அசிட்டிக் அமிலத்தைத் தீர்த்துவிடும். கடை வினிகரில் அமிலம் 4 முதல் 5 சதவீதம், மற்றதெல்லாம் தண்ணீர். ஆக, ஒரு டீஸ்பூன் சோடா, சுமார் 5 கிராம், 70 மில்லி வினிகரை ஒன்றுக்கும் உதவாத உப்புநீராக்கப் போதும். தனித்தனியாக இருந்தபோது இரண்டுக்கும் கொஞ்சம் தெம்பு இருந்தது. கலந்த பிறகு அதுவும் இல்லை.

அந்த வாயுவாவது அடைப்பைத் தள்ளிவிடாதா என்று கேட்கலாம். திறந்த குழாயில் வாயு மேலே ஏறி வெளியே போய்விடும். முடியும் கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் திரண்டு இறுகிய அடைப்பை அது அசைக்காது. பிறகு எப்படிச் சிலருக்குச் சிங்க் திறந்துகொள்கிறது? அந்தக் குறிப்புகளின் கடைசி வரியைக் கவனியுங்கள். கடைசியில் ஒரு பாத்திரம் வெந்நீர் ஊற்றச் சொல்லியிருப்பார்கள். கொழுப்பை இளக்கியது அந்த வெந்நீர்தான். அதை மட்டும் ஊற்றியிருந்தால் போதும். பி.வி.சி. குழாயாக இருந்தால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், குழாய் இளகிவிடும்.

நம் சமையலறையில் பெரிய அழுக்கு எண்ணெய். தாளிப்பும் பொரிப்பும் அன்றாடம் நடக்கும் வீட்டில் அடுப்புக்குப் பின்னாலுள்ள டைல்ஸிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையிலும் படிந்திருப்பது, சூட்டிலும் காற்றிலும் இறுகிப் பிசினாகிப்போன எண்ணெய். அதைத் தண்ணீரோடு போகவைக்க, ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு வேண்டும். சோப்பில் அது உண்டு. பாத்திரம் துலக்கும் திரவத்தில் உண்டு. வினிகரில் இல்லை. ஊறுகாய் ஜாடியைத் திறந்து பாருங்கள்: வினிகர் விட்ட ஊறுகாயிலும் எண்ணெய் மேலேதான் மிதக்கிறது. மாதக்கணக்கில் கூடவே இருந்தும் எண்ணெயைக் கரைக்காத வினிகர், துணியில் நனைத்து ஒரு துடை துடைத்தால் மட்டும் கரைத்துவிடுமா?

நம் வீடுகளுக்கு இது தெரியாத விஷயமில்லை. எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பல், பித்தளைக்கும் செம்புக்கும் புளி, எண்ணெய்த் தலைக்குச் சீயக்காயோ அரப்போ, பட்டுக்குப் பூந்திக்கொட்டை. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது. அது கொழுப்பை இளக்கித் தண்ணீரோடு அனுப்பும். புளியிலிருப்பது டார்டாரிக் அமிலம்; பித்தளைமேல் படியும் கறுப்பை அது கரைக்கும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின், சோப்பைப் போலவே நுரைத்து எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாமலே, அழுக்கு எது, அதற்கு ஏற்றது எது என்று நம் பெண்கள் பிரித்து வைத்திருந்தார்கள். காரம் வேண்டிய இடத்தில் காரம், புளிப்பு வேண்டிய இடத்தில் புளிப்பு. இயற்கை வழி என்ற பெயரில் இந்த அறிவைக் கைவிட்டு, ஒரே புட்டியை எல்லாவற்றுக்கும் தூக்குகிறோமே என்பதுதான் எனக்கு வருத்தம்.

வினிகர் உண்மையாகவே உதவும் இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய் வாயிலும் ஷவர் துளைகளிலும் கெட்டிலின் அடியிலும் வெள்ளையாகப் படியும் உப்புக்கறைதான் அது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012). ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கும் தெருக்களில் இந்த வெள்ளைக் கறை படியாத குளியலறையைக் காண்பது அரிது. அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் படிவு. அமிலம் பட்டால் கரையும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் கொஞ்ச நேரம் சுற்றிவைத்து, தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினால் பளிச்சென்று ஆகும். எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்தாலும் இதே வேலை நடக்கும், அந்த நெடி இல்லாமல்.

ஆனால் குழாயிலிருக்கும் சுண்ணாம்பு வேறு, தரையிலிருக்கும் சுண்ணாம்பு வேறு என்று அமிலத்துக்குத் தெரியாது. நம் பழைய வீடுகளில் சமையல் மேடைக்கும் அலமாரிக்கும் போட்ட கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் இனம். கோட்டா கல்லும் அப்படியே. மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளின் மொசைக் தரையில் மார்பிள் சில்லுகள்தான் பதிந்திருக்கின்றன, அவற்றைப் பிடித்திருப்பது சிமென்ட். ஆத்தங்குடி டைல்ஸ் சிமென்ட். ரெட் ஆக்சைடு தரையும் சிமென்ட். புத்தம்புது விட்ரிஃபைடு டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்றாலும் அவற்றின் இடுக்கில் பூசியிருப்பது பெரும்பாலும் சிமென்ட்தான். இவற்றை வாரம்தோறும் வினிகர் நீரால் துடைப்பவர் தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வாளியில் ஊற்றுகிறார். மினுமினுப்பு போய் மங்கல் திட்டு விழுந்ததும் அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். அது அழுக்கு அல்ல. அமிலம் அரித்த கல். எதைப் போட்டுக் கழுவினாலும் திரும்பாது, மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால்தான் உண்டு. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணம் ஊற்றிக் கையால் வார்த்தெடுத்த ஒரு தரை, இப்படி ஓர் அரைகுறைக் குறிப்பால் மங்கிப்போக விடலாமா?

இரும்புத் தோசைக்கல்லையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பழகிப் பழகி ஏறிய கருமையான மேற்பூச்சைத் தளர்த்தித் துருவுக்கு வழி திறந்துவிடும் அமிலம்.

அடுத்தது இயற்கை என்ற பேச்சு. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் புட்டியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பலவற்றில் 'சிந்தெடிக்' என்று அச்சிட்டிருக்கும். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்ததை அப்படிக் குறிப்பிட்டே விற்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அந்த அமிலம் பெரும்பாலும் தொழிற்சாலையில் மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து உருவாக்கப்படுகிறது. பழச்சாறோ தென்னங்கள்ளோ புளித்து வந்ததல்ல. இதில் குற்றம் எதுவும் இல்லை; புளித்து வந்தாலும் ஆலையில் வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் கோல்பே 1845இல், உயிரிகளின் உதவி எதுவும் இல்லாமல், கார்பன் டைசல்ஃபைடிலிருந்து தொடங்கி ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டியது இதே அசிட்டிக் அமிலத்தைத்தான். உயிரிலிருந்து வரும் பொருள் வேறு, ஆய்வுக்கூடப் பொருள் வேறு என்ற பழைய கோட்டை அழித்ததில் இந்த அமிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டே அந்தக் கோட்டை மறுபடி வரைகிறார்கள். இயற்கையென்றால் தீங்கில்லை என்று அரளி விதையை அறிந்த ஊரில் யாரும் சொல்லக் கூடாது.

கிருமி விஷயத்தில் வினிகர்மேல் வைக்கும் நம்பிக்கை மிகப் பழையது. 1665-66இல் இங்கிலாந்தின் ஈம் என்ற கிராமத்தில் பிளேக் பரவியபோது, ஊர் எல்லைக் கல்லில் குழிகள் செய்து வினிகரை ஊற்றி, வெளியார் கொண்டுவரும் உணவுக்கான காசை அதில் போட்டு வைத்தார்கள். 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிளேக்கைச் சுமந்தது காசு அல்ல. நோய் வெளியூருக்குப் பரவாமல் தடுத்தது, அந்த மக்கள் ஊரைவிட்டு வெளியேறாமல் தங்களை அடைத்துக்கொண்ட துணிச்சல்.

வியன்னா மருத்துவமனையில் 1847இல் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் எடுத்தது வேறு பொருள். ஏப்ரல் மாதம் அவருடைய பிரசவ வார்டில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்தார்கள். மே மாதம் மருத்துவர்களையும் மாணவர்களையும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஜூன் மாதம் அந்த எண்ணிக்கை இரண்டளவுக்கு இறங்கியது. அந்தக் குளோரின் சுண்ணாம்புதான் நம் ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் கலக்கும் பிளீச்சிங் பவுடர். வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை ஆகிய கிருமிகளை வினிகர் போதிய அளவு குறைக்கவில்லை, பிளீச் குறைத்தது. காசநோய்க் கிருமியை அசிட்டிக் அமிலம் கொல்லும் என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு 6 சதவீத அமிலமும் 30 நிமிட நேரமும் தேவைப்பட்டன. நாம் துடைத்துவிட்டுப் போகும் ஈரம் சில நிமிடங்களில் காய்ந்துவிடுகிறது. வீட்டில் வாந்திபேதி கண்டவர் இருக்கும்போது கழிப்பறையை வினிகரால் துடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது, நோயை அடுத்தவருக்குக் கொடுப்பதற்குச் சமம்.

நான் இதை எழுத உட்கார்ந்த முக்கியக் காரணம் இனிமேல்தான் வருகிறது. பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் வினிகரை ஊற்றினால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் இன்னும் வேகமாக வரும். ஆசிட் என்றால் பயப்படத் தெரிந்த நமக்கு, வினிகரும் ஆசிட் என்பது நினைவுக்கு வருவதில்லை. இயற்கை என்ற அடைமொழி அந்த பயத்தைப் போக்கிவிட்டது. இயற்கைப் பொருள்தானே, எதோடு சேர்த்தால் என்ன என்று இரண்டையும் கலக்கும் கை இப்படித்தான் துணிகிறது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. ஜன்னல் சிறுத்த குளியலறையில் தரையோடு தங்கும். தரையைத் தேய்க்கக் குந்தியிருப்பவரின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான். பல வீடுகளில் அப்படிக் குந்தியிருப்பது வீட்டுக்காரர் அல்ல, வேலைக்கு வரும் அம்மா. கலக்கச் சொன்னவர் ஹாலில் இருப்பார், மூச்சு திணறுவது அந்த அம்மாவுக்கு. ஆஸ்துமா உள்ளவர் என்றால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கடுமையான கெமிக்கல்களைக் கண்டு பயப்படுவது நியாயமான பயம்தான். கழிப்பறை ஆசிட் பட்டுக் கை வெந்தவர்களும், புட்டி மாறி அதைக் குடித்துவிட்ட குழந்தைகளும் உண்டு. அந்த பயத்துக்குச் சரியான பதில், பாத்திரம் துலக்கும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், நார், திறந்த ஜன்னல், கொஞ்சம் கைவேலை. வீட்டு அழுக்கில் பெரும்பகுதி இவற்றிலேயே போய்விடும். உப்புக்கறைக்கு மட்டும் வினிகரோ எலுமிச்சை உப்போ. நோயாளி இருக்கும் வீட்டில் கழிப்பறைக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர், அதுவும் தனியாக, தண்ணீரில் கரைத்து, கதவைத் திறந்து வைத்து.

வினிகர் புட்டியைச் சமையலறையிலேயே வையுங்கள். பிளீச்சிங் பவுடர் இருக்கும் அலமாரிக்கு அது போகவே கூடாது. எப்போதாவது இரண்டும் சேர்ந்து நெடி கிளம்பிவிட்டால், கழுவிச் சரிசெய்ய நிற்காமல் உடனே வெளியே வாருங்கள், மற்றவர்களையும் வெளியே கூப்பிடுங்கள், மூச்சுத் திணறல் இருந்தால் 108ஐ அழையுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள். வீட்டுக் குறிப்பு வீடியோ போடுகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: வினிகரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள் என்ற எச்சரிக்கையை முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்பைப் பரப்புகிறவர், பார்ப்பவரின் நுரையீரலோடு விளையாடுகிறார்.