காலில் பந்து இருக்கிறது. கையில் மார்க் ஷீட் இருக்கிறதா?

மே மாதம் வந்தால் கல்மண்டபத்தில் இரண்டே பேச்சுதான். ஒன்று, மீன்பிடித் தடைக்காலம். மற்றொன்று, பிளஸ்-2 ரிசல்ட்.

ஏப்ரல் 15-ந்தேதி தொடங்கி ஜூன் 14-ந்தேதி வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வீட்டில் வருமானம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் காலேஜ் அட்மிஷனும் வந்து தொலைக்கிறது!

அப்படிப்பட்ட நேரத்திலும் ஒரு சில வீடுகளில் மட்டும் சிரிப்புச் சத்தம் கேட்கும். பையனை ஏதோ ஒரு காலேஜ் கால்பந்து அணிக்கு "செலக்ட்" செய்துவிட்டார்கள். பீஸ் கிடையாது. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று கோச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

ரிசல்ட் வருகிறது. பையன் ஒரு பாடத்தில் பெயில்!

கோச்சுக்குப் போன் போட்டால், "அடடா, அதை முதல்லயே சொல்லக் கூடாதா? பாஸ் பண்ணிட்டு வாப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் அந்த இடத்தில் வேறொரு பையன் இருப்பான். இவன் மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்த மைதானத்தின் ஓரமாக நின்று விசாரித்தாலும் இந்த மாதிரி கதை ஒன்று கிடைக்கும்.

இதில் குற்றவாளி யார்?

பையன் படிக்கவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். நாம் வேறு ஒன்றைக் கேட்கிறோம். செலக்‌ஷன் நடந்த அன்று, இடது காலால் அடிக்கிறானா, ஓட்டம் எப்படி, தலையால் முட்டுகிறானா என்று எல்லாவற்றையும் பார்த்தார்களே, அரையாண்டுத் தேர்வு மார்க் ஷீட்டை ஒருவராவது கேட்டார்களா?

ஒவ்வொரு பாடத்திலும் 100-க்கு 35 மார்க். இதைத் தாண்டாமல் எந்தக் காலேஜுக்குள்ளும் நுழைய முடியாது. விளையாட்டு ஒதுக்கீடு என்பது வரிசையில் முன்னால் நிற்க வைக்கும். வாசல் கதவை உடைத்துத் தராது. இது கோச்சுக்குத் தெரியும். பிரின்சிபாலுக்கும் தெரியும். தெரியாதது பையனுக்கும் அவன் அப்பா அம்மாவுக்கும்தான்.

பெயிலான பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதலாமே என்பார்கள். எழுதலாம். ஆனால் அந்த ரிசல்ட் வருவதற்குள் காலேஜ் திறந்து, அணியில் ஆள் நிரம்பி, பயிற்சியே தொடங்கியிருக்கும்.

இதில் நஷ்டக் கணக்கைப் பாருங்கள். பையன் தவறிப் போனால் காலேஜுக்கு நஷ்டம் ஒரு "விங்கர்". அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைத்துவிடும். பையனுக்கு நஷ்டம் ஒரு வருஷம். பல பேருக்கு அதோடு படிப்பே போய்விடுகிறது. வாக்குக் கொடுத்தவருக்குச் சின்ன நஷ்டம். நம்பினவனுக்கு முழு நஷ்டம்! இது என்ன நியாயம்?

என்ஜினீயரிங் பக்கம் போனால் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு 500 என்ஜினீயரிங் இடங்கள் ஒதுக்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்து பொதுப் பிரிவினர் 45 சதவீதமும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் 40 சதவீதமும் வாங்கியிருக்க வேண்டும். பத்தாவது முடித்ததும், "விளையாட்டுப் பையன்தானே, சுலபமான குரூப்பா எடுத்துக்கட்டும்" என்று ஒரு வாத்தியார் சொன்னால், அந்த 500 இடத்தின் கதவும் அன்றைக்கே ஏறக்குறைய மூடிவிடும். பையனுக்கு அப்போது வயது 15. யாரும் அவனிடம் சொல்வதில்லை.

(வேடிக்கை ஒன்று: நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது வழக்கம். அப்படியும் கால்பந்துப் பையனுக்குக் கணக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் அவன் ஏதாவது ஒரு டோர்னமென்டில் இருப்பான்!)

உள்ளே போன பிறகு?

சரி, பாஸ் செய்துவிட்டான். காலேஜில் சேர்ந்தும் விட்டான். கண்டம் முடிந்ததா? இல்லை, இனிமேல்தான் பெரிய கண்டம்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பயிற்சி. அதை முடித்துக் குளித்து வந்தால் முதல் பீரியட் போயிருக்கும். மாலையில் மறுபடி பயிற்சி. மேட்ச் என்றால் இரண்டு நாள், வெளியூர் டோர்னமென்ட் என்றால் ஒரு வாரம். வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. விளையாடப் போன நாட்களுக்கு "ஓ.டி." போடுவார்கள். அது பதிவேட்டுக்குச் சரி. பாடம் மண்டையில் ஏறுமா? செமஸ்டர் தேர்வு வரும்போது பையன் கையில் நோட்டும் இருக்காது, கோச் பக்கத்தில் ஆளும் இருக்காது.

ஒரு அரியர், இரண்டு அரியர், எட்டு அரியர் என்று ஏறுகிறது. மூன்று வருஷம் முடிகிறது. கோப்பைகள் காலேஜ் அலமாரியில். பட்டம் எங்கே என்று கேட்டால் பையன் தலையைக் குனிகிறான்.

நடுவிலேயே காலேஜை விட்டுவிட்டால் இன்னும் மோசம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆட வேண்டும் என்றால் முழு நேர ரெகுலர் மாணவனாக இருக்க வேண்டும். தபாலில் படிக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 25 வயதும் தாண்டியிருக்கக் கூடாது. தகுதி இல்லாதவனை இறக்கினால் அணிக்கே ஆபத்து.

"பல்கலைக்கழக மேட்ச் ஆடாவிட்டால் என்ன, லீக் ஆடிக்கொள்வேன்" என்று பையன்கள் சொல்வது உண்டு. விஷயம் தெரியாமல் சொல்கிறார்கள். மத்திய அரசு அலுவலகங்களில் விளையாட்டு வீரர்களுக்கு வேலை தர 1980-ல் உத்தரவு போட்டார்கள். பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர் என்ற சர்டிபிகேட்டும் அதில் ஒரு தகுதி. காசிமேட்டுப் பையனுக்கு இந்தியா ஜெர்சி கிடைப்பது குதிரைக் கொம்பு. பல்கலைக்கழக ஜெர்சி கைக்கு எட்டுகிற தூரம். அந்த ஒரு தாளைத்தான் அரியரும் அட்டெண்டன்சும் பிடுங்கிக்கொண்டு போகின்றன.

ரெயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். வடசென்னைக் கால்பந்துக்காரனின் கனவே ரெயில்வே வேலைதான், ஐ.சி.எப். வேலைதான். விளையாட்டு ஒதுக்கீட்டில்கூட அங்கே படிப்பைப் பார்க்கிறார்கள். 10-ம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. என்றால் கடைசிப் படி. பிளஸ்-2 பாஸ் என்றால் அடுத்த படி. அதற்கும் மேலே போகப் பட்டமும் வேண்டும், பெரிய போட்டிச் சாதனையும் வேண்டும். ஒரே அணியில் ஆடும் இரண்டு பேருக்கு ஆயுசு முழுக்க இரண்டு விதமான சம்பளம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"படிச்சுட்டா நந்தகுமார் ஆனான்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நமக்குத் தெரியும். வியாசர்பாடி நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டு 12-ந்தேதி டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரு கோல் அடித்தார். கொல்கத்தாவே அதிர்ந்தது. வடசென்னைக்கே பெருமை. மறுக்கவில்லை.

அதே வியாசர்பாடியின் தன்பால் கணேஷையும் நினைத்துப் பாருங்கள். 2017-18 சீசனில் கோப்பை வென்ற சென்னையின் எப்.சி. அணியில் இருந்தவர். அடுத்த சீசனில் முழங்கால் காயம், ஆட முடியவில்லை. பெரிய கிளப்பில் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், கல்மண்டபத்தில் லோக்கல் டோர்னமென்ட் ஆடும் பையனின் முழங்காலுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? அன்றைக்கு அவன் கையில் என்ன இருக்கும்?

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் காலேஜ் புட்பால் என்பது கோடிக்கணக்கான டாலர் வியாபாரம். (அங்கே புட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது!) படிக்கத் தெரியாத பையன்களையும் ஆட்டத்துக்காகக் காலேஜில் சேர்த்து வந்தார்கள். டெக்ஸ்டர் மேன்லி என்ற பிரபல வீரர் 1989-ல் செனட் கமிட்டி முன் உட்கார்ந்து, காலேஜில் படித்தும் தனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்று கண்ணீர் விட்டார். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 வருஷமாக வகுப்பே நடக்காத பாடங்களுக்கு மார்க் போட்டார்கள் என்று 2014-ல் விசாரணை அறிக்கை வந்தது. 3,100 மாணவர்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். பாதிப் பேர் விளையாட்டுக்காரர்கள்.

அங்கே 1983-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பள்ளியில் குறிப்பிட்ட 11 பாடங்களில் இவ்வளவு மார்க், நுழைவுத் தேர்வில் இவ்வளவு மார்க் என்று கணக்கு. 1986-ல் அது அமலுக்கு வந்தது. கறுப்பின ஏழைப் பையன்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். அந்த விதியை இன்னும் இறுக்கப் பார்த்தபோது, ஜார்ஜ்டவுன் கூடைப்பந்து கோச் ஜான் தாம்சன் 1989 ஜனவரியில் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மைதானத்தை விட்டே வெளியே நடந்தார். பையனுக்குச் சொல்லித் தராமல் மார்க்கை மட்டும் கேட்காதே என்பது அவர் கட்சி.

நம் கட்சியும் அதுதான். மார்க்கைக் கூட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் முதலில் வெளியே போகிறவன் மீனவர் வீட்டுப் பையனும் மூட்டை தூக்குகிறவர் வீட்டுப் பையனும்தான். 35 மார்க் என்ற அந்தச் சின்ன வேலியைத் தாண்ட அவனுக்கு ஒரு கை கொடுங்கள் என்கிறோம். பையனைக் கேட்டு வருகிற காலேஜ், எந்தப் பாடத்தில் அவன் வீக் என்று பார்த்து, அதற்கு ஒரு டியூஷன் வாத்தியாரை ஏற்பாடு செய்தால் ஒரு செட் ஜெர்சி வாங்கும் செலவுகூட ஆகாது. டோர்னமென்ட் முடிந்து வந்தவனுக்குத் தவறிப் போன பாடத்தை ஞாயிற்றுக்கிழமையாவது நடத்தலாம். தவறிப்போன பையனுக்குத் துணைத் தேர்வு ரிசல்ட் வரும் வரை ஒரு இடத்தைப் பிடித்து வைக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்ட எந்தக் காலேஜாவது தயாரா? கோப்பை எத்தனை என்று மட்டும் பேனர் கட்டுகிறார்களே!

பெற்றோரும் "எல்லாம் கோச் பார்த்துக்குவாரு" என்று இருந்துவிடக் கூடாது. பீஸ் எத்தனை வருஷத்துக்கு இலவசம், காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் ஹாஸ்டல் உண்டா, அரியர் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். முடிந்தால் எழுதி வாங்க வேண்டும்.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் முடிந்துவிடுகிறது. பப்ளிக் பரீட்சை மார்ச்சில். காலேஜ் கோச்சுகள் ஏப்ரலில் பந்தோடு வருவதற்குப் பதிலாக ஜனவரியில் மார்க் ஷீட் கேட்டு வந்தால், பையனுக்கு இரண்டு மாதம் கையில் இருக்கும்.