ஒரே வாணலி, அவரவர் காரம்

காரமான சைனீஸ் நூடுல்ஸ் செய்யலாம்னு முடிவெடுத்தவுடனே வீட்டுல பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். பெரியவனுக்குக் காரம் தூக்கலா வேணும். சின்னவளுக்கு நாக்கு எரியும். ஊர்லேர்ந்து வந்திருக்கிற பாட்டி முட்டையைத் தொட மாட்டாங்க. கடைசியில சின்னவளுக்கு வெண்ணெய் போட்ட பாஸ்தா, பாட்டிக்குத் தயிர்சாதம், மத்தவங்களுக்கு நூடுல்ஸ்னு மூணு சமையல் ஆயிடும். வேலை முடிஞ்சு வந்த சாயங்காலத்துல இது கட்டுப்படியாகுமா? அதைவிட முக்கியமா, தனித்தட்டுலயே பழகின குழந்தை நம்ம சாப்பாட்டுக்கு எப்ப வந்து சேரும்?

சீனச் சமையல்லயே இதுக்கு வழி இருக்கு. 'லாயோ'ன்னு சொல்ற மிளகாய் எண்ணெய் சாப்பாட்டு மேசையில தனியா இருக்கும், அவங்கவங்க வேணுங்கிற அளவு போட்டுக்குவாங்க. அதனால வாணலியில ருசியை மட்டும் ஏத்துங்க. காரம் தட்டுக்கு வரட்டும்.

மிளகாய் எண்ணெயை முந்தின நாளே செஞ்சு வைக்கலாம். கால் கப் மிளகாய்ச் செதில், ஒரு ஸ்பூன் வெள்ளை எள், கொஞ்சம் உப்பு, எல்லாத்தையும் சூடு தாங்குற பாத்திரத்துல போட்டுக்குங்க. நிறம் தூக்கலா, காரம் கம்மியா வேணும்னா காஷ்மீரி மிளகாயைக் கொரகொரப்பாப் பொடிச்சுக்கலாம். முக்கால் கப் எண்ணெயில ஒரு அன்னாசிப்பூ, சின்னத் துண்டு பட்டை போட்டு, சின்னத் தீயில அஞ்சு நிமிஷம் வாசனை இறங்க விட்டு, அவற்றை எடுத்துடுங்க. அடுப்பை அணைச்சுட்டு எண்ணெயில ஒரு செதிலைப் போட்டுப் பாருங்க. மெல்ல நுரைச்சா சரியான சூடு. உடனே கறுத்தா இன்னும் கொஞ்சம் ஆறணும். சூடு சரியானதும் மிளகாய் மேல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, குழந்தைங்க பக்கத்துல வேண்டாம். நம்ம தாளிப்பு மாதிரிதான் இதுவும். மிளகாயோட காரம் தண்ணியில சரியாக் கரையாது, எண்ணெயில நல்லா இறங்கும். எடுத்து வைக்கிற எண்ணெயில பச்சைப் பூண்டு மட்டும் சேர்க்காதீங்க. காத்துப் புகாத எண்ணெய்க்குள்ள பூண்டு கிடந்தா போட்டுலிசம்ங்கிற கொடிய நோயை உண்டாக்குற கிருமி வளரலாம்.

இப்ப நூடுல்ஸ். நாலு பேருக்கு 300 கிராம் காய்ஞ்ச கோதுமை நூடுல்ஸ் போதும். பாட்டிக்காக முட்டை சேராததாப் பார்த்து வாங்குங்க. பாக்கெட்டுல போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே வடிச்சு, குளிர்ந்த தண்ணியில அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசிறி, அகலமான தட்டுல பரப்பி வைங்க. வெளிப்பக்கம் காயணும். ஈரத்தோட வாணலியில விழுந்தா வதங்காம வெந்து குழைஞ்சிடும்.

சாஸை முன்னாடியே கலந்துக்குங்க: லைட் சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், டார்க் சோயா சாஸ் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் கால் டீஸ்பூன். லைட் உப்புக்கு, டார்க் நிறத்துக்கு. ஆய்ஸ்டர் சாஸ் சிப்பிச்சாறுல செய்யறது, பாட்டி தட்டுக்கு ஆகாது. காளான்ல செய்ற சைவ வகை கிடைக்கும். எள்ளெண்ணெய்லயும் ஒரு குழப்பம் வரும். சீனச் சமையலுக்கு வறுத்த எள்ளுல எடுத்த, கரும்பழுப்பு எண்ணெய்தான் வேணும். நம்ம நல்லெண்ணெய் எள்ளை வறுக்காம ஆட்டினது, அந்த வாசனை இதுல வராது.

சைனீஸ் கடை அடுப்போட சூடு வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு. அதை வீட்டுல கொண்டுவரப் பார்த்தா ஸ்மோக் அலாரம்தான் அடிக்கும். அளவைக் குறைச்சுக்கறதுதான் நம்மளால முடிஞ்சது. எல்லாத்தையும் ரெண்டு பங்காப் பிரிச்சு, ரெண்டு தடவையா வதக்குங்க. வாணலி நல்லாச் சூடானதும் எண்ணெய், நறுக்கின பூண்டு, இஞ்சி. உடனே மெல்லிசா நறுக்கின கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய். ஒரு நிமிஷம் கழிச்சு நூடுல்ஸைப் போட்டு, அரை நிமிஷம் கிளறாம விடுங்க, அடியில லேசா முறுகட்டும். அப்புறம் சாஸை ஓரமா ஊத்திப் பிரட்டி, வெங்காயத்தாளும் ரெண்டு சொட்டு எள்ளெண்ணெயும் போட்டு இறக்கிடுங்க. முட்டை வேணுங்கிறவங்களுக்குத் தனி வாணலியில பொரிச்சு மேல வைங்க.

இப்ப மேசை. சின்னவளுக்கு மிளகாய் எண்ணெயோட மேல்பக்கம் தெளிஞ்ச சிவப்பு எண்ணெயில ஒரே ஒரு சொட்டு, அதுவும் அவளே கேட்டா மட்டும். எத்தனை சொட்டுன்னு அவளே முடிவு பண்ணட்டும். எரிஞ்சா தண்ணிக்குப் பதிலாப் பாலோ தயிரோ குடுங்க, சீக்கிரம் அடங்கும். பெரியவன் அடியில இருக்கிற செதிலையும் அள்ளிக்கலாம். வறுத்துப் பொடிச்ச செச்சுவான் மிளகும் கொஞ்சம் தூவிக்கலாம். பேர்ல மிளகு இருந்தாலும் அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. காரத்தைவிட நாக்கு மரத்துப்போற உணர்ச்சிதான் அதிகம். குழந்தைங்க பயப்படலாம், முன்னாடியே சொல்லிடுங்க.

மிச்சம் இருந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுல வைங்க. மறுநாள் லஞ்ச் பாக்ஸுக்கு ஆவி பறக்கச் சூடாக்கி ஃபிளாஸ்க்ல போடுங்க. ராத்திரி முழுக்க வெளியில கிடந்ததைச் சூடாக்கினாலும் குழந்தைக்குக் குடுக்காதீங்க. அதுல உண்டாகுற சில நச்சுகள் சூட்டுக்கும் அழியாது. சோயா, கோதுமை, எள் மூணும் அலர்ஜி தரக்கூடியவை, அதனால வகுப்புத் தோழங்க வீட்டுக்கு வர்ற அன்னிக்கு அவங்க பெற்றோர்கிட்ட முதல்லயே கேட்டுக்குங்க.

அடுத்த தடவை செய்றப்ப சின்னவ ஒரு சொட்டுக்கு ரெண்டு கேக்கலாம், இல்ல ஒண்ணுமே வேண்டாம்னும் சொல்லலாம். ரெண்டுமே சரிதான். எண்ணெய்க் கிண்ணம் அவ கைக்கு எட்டுற தூரத்துலயே இருக்கட்டும்.