கலெக்டர் கச்சேரியும் நியாயஸ்தலமும்

ஸ்ரீமுஷ்ணத்துக் குடியானவர் ஒருவரின் நிலம், வரிபாக்கிக்காக ஜப்தி செய்யப்படுவதாக வைத்துக்கொள்வோம். வரியை விதித்ததும், பாக்கி என்று தீர்மானித்ததும், ஏலங் கூறுவதும் ஒரே இலாகா. அவ்விலாகா தவறிழைத்தால் கேட்பவர் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நம் முன்னோர் கேட்ட கேள்வி இதுவே.

வங்காளத்தில் 1793-ல் கார்ன்வாலிஸ் பிரபு கலெக்டரின் நீதி அதிகாரத்தை நீக்கி, அவரைக் கோர்ட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக்கினார். சென்னை ராஜதானியிலோ 1816-ம் வருஷத்து ரெகுலேஷன்கள் மாஜிஸ்டிரேட் அதிகாரத்தையும் கலெக்டரிடமே ஒப்புவித்தன. வசூலிப்பவரே மாஜிஸ்டிரேட்டுமானால் குடிகள் எவரிடம் முறையிடுவது? வரிக்காகக் குடிகள் இம்சிக்கப்பட்டதையும், பரிகாரம் பெறுவது அவர்களுக்கு அரிதாயிருந்ததையும் 1855-ல் சித்திரவதைக் கமிஷனே ஒப்புக்கொண்டது.

1864-ம் வருஷத்து ரெவினியூ வசூல் சட்டம் கதவைச் சிறிது திறந்தது. வசூல் நடவடிக்கையால் பாதிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டை அணுகலாம்; ஆனால் சர்க்கார் விதித்த தீர்வை அதிகமா என்பதைக் கோர்ட்டு ஆராயலாகாது! 1882-ல் ஹரி பான்ஜி வழக்கில் சென்னை ஹைக்கோர்ட்டு துணிந்து பேசிற்று. சரக்கு கடல்வழியில் இருக்கையில் உயர்த்தப்பட்ட உப்புவரியைப் பற்றிய வழக்கு அது. சட்டத்தின் பெயரால் சர்க்கார் செய்யும் காரியத்தை, அது ராஜாங்கச் செயல் என்று சொல்லிக் கோர்ட்டின் பார்வையிலிருந்து மறைக்க முடியாதென்று பிரதம நீதிபதி டர்னர் காலத்து அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

எனினும் பேதம் ஒழியவில்லை. 1943-ல் பர்லாக்கிமிடி குடிகளின் வழக்கில், சென்னை நகரெல்லைக்கு வெளியே நடந்த அக்காரியத்தில் ஹைக்கோர்ட்டு ரிட் பிறப்பிக்க இயலாதென்று பிரிவி கௌன்சில் தீர்த்தது. நகரவாசிக்கு ஒரு நியாயம், மொபஸலுக்கு வேறொரு நியாயம்! 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாஸனத்தின் 226-வது ஷரத்தே இப்பேதத்தைத் துடைத்தது. இவ்வதிகாரம் சாஸனத்தின் அஸ்திவாரத்தைச் சேர்ந்ததென்று 1997-ல் சந்திரகுமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதிசெய்தது.

ஆனால் உரிமை ஏட்டளவில் நின்றால் பயன் யாது? காரணம் எழுதப்படாத உத்தரவைக் கோர்ட்டு எங்ஙனம் சோதிக்கும்? உத்தரவின் நகலைக் கையில் வைத்திராத ஏழை எதைக் காட்டி வழக்காடுவான்? 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டமும், தாலுகாதோறும் இலவசச் சட்ட உதவிக்கு வழி செய்த 1987-ம் வருஷத்துச் சட்டமும் நம் கையில் உள்ள ஆயுதங்கள். ஊர்தோறும் உள்ள தேசத்தொண்டர்கள் இவற்றைக் குடிகளுக்கு எடுத்துரைக்க வேண்டும். கேட்பாரில்லாத அதிகாரம் எக்கொடியின் கீழிருப்பினும் கொடுங்கோன்மையே என்பது நமது துணிபு.