உரைகல்லும் ஆராய்ச்சிச்சாலையும்

தில்லி மாநகரின் தென்பகுதியில், அரவிந்தர் பெயர் கொண்ட பெருஞ்சாலையை ஒட்டி, ஐ.என்.ஏ. மார்க்கெட் அமைந்துள்ளது. இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய இச்சந்தைக்குத் தமிழரும் மலையாளிகளும் வங்காளிகளும் வடகிழக்கு மாநிலத்தாரும் தத்தம் ஊர்ப் பண்டங்களை நாடி வருகின்றனர். கடலைக் காணாத தலைநகரில் கடல்மீன் பனிக்கட்டியின்மீது அடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு எட்டிய தூரத்திலேயே மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் குவிந்திருக்கின்றன. இரசாயனப் பொருள், உயிரியற் பொருள், உலோகம் எனப் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் கூறுபவை இங்கே ஒரே கூடையில் வீட்டுக்குச் செல்கின்றன. மஞ்சளில் கலந்த சாயம் இரசாயனம். மீனின் தசை உயிரியற் பொருள். மஞ்சளுக்குப் போலி மெருகூட்டும் ஈயம் உலோகம்.

வாங்குவோருக்கு உள்ள கருவிகள் கண்ணும் மூக்கும் விரலுமே. இவற்றுக்கு அடுத்த படியில் இருப்பவை, சில துளி அமிலமோ ஒரு துண்டுச் சோதனைத் தாளோ கொண்டு களத்திலேயே செய்யும் எளிய பரிசோதனைகள். பொற்கொல்லரின் உரைகல்லைப் போன்றவை இவை. உரைகல் பொய் சொல்வதில்லை. ஆனால் உரசிய இடத்தின் மாற்றை மட்டுமே அது சொல்லும். மேற்பூச்சுக்கு அடியில் இருப்பது என்ன என்று அதனிடம் கேட்பது முறையன்று. களப் பரிசோதனை ஐயத்தை எழுப்புவதற்குரியது, தீர்ப்பு வழங்குவதற்குரியதன்று என்ற தெளிவு ஊழியர்க்கும் பொதுமக்களுக்கும் இன்று மிகவும் தேவைப்படுகிறது.

மஞ்சள்தூளையே எடுத்துக்கொள்வோம். மெட்டானில் மஞ்சள் என்னும் தடைசெய்யப்பட்ட சாயம் அதில் கலந்திருப்பின், ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்ததும் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். ஆனால் தூய மஞ்சளில் இயல்பாகவே உள்ள குர்க்குமினும் வலிய அமிலத்தில் சிவக்கக் கூடியதே. தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யும்போது குர்க்குமினின் சிவப்பு மறைந்துவிடும். சாயத்தின் சிவப்பு நிலைத்து நிற்கும். இந்தக் கடைசிப் படியை அவசரத்தில் விட்டுவிட்ட ஊழியர், குற்றமற்ற வியாபாரியைக் குற்றவாளியாக்கி விடுவார். மறுபுறம், அமிலச் சோதனையில் நிறம் தோன்றவில்லை என்பதாலேயே மஞ்சள் தூயது என்று கூறுவதும் பிழை. ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறமி இச்சோதனைக்கு அகப்படாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அதில் உள்ள ஈயம். கேட்ட கேள்விக்கு மட்டுமே சோதனை விடை தரும். கேளாத கேள்விக்கு அதன் மௌனத்தை விடையாகக் கொள்ளலாகாது.

ஈயத்தைக் கண்டறிய எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை பயன்படுகிறது. பொருளின்மீது எக்ஸ் கதிர் பாயும்போது அணுவின் உள்வட்டத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேற்றப்படுகிறது. அவ்விடத்தை நிரப்ப வெளிவட்டத்து எலக்ட்ரான் இறங்குகையில், அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றல் கொண்ட கதிர் பிறக்கிறது. கையில் ஏந்தும் அளவுக்குச் சிறிதாகிவிட்ட இக்கருவி, ஈயம் இருப்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். வங்காளதேசத்தில் 2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயக் கலப்படம் காணப்பட்டது. ஆராய்ச்சியாளரும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் இக்கருவியைச் சந்தைக்கே எடுத்துச் சென்றனர். குற்றம் புரிந்த மொத்த வியாபாரிகள் தண்டிக்கப்பட்டனர். பொதுமக்களுக்கு எச்சரிக்கை பரப்பப்பட்டது. 2021-இல் அந்த விகிதம் பூஜ்யமாயிற்று. ஆராய்ச்சிச்சாலை சந்தைக்கு இறங்கி வந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. எனினும் இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. தனிமம் எது என்று அது சொல்லும். அத்தனிமம் எந்தச் சேர்மமாக உள்ளது என்று சொல்லாது. சேர்மத்தை உறுதி செய்ய எக்ஸ் கதிர் விளிம்பு வளைவோ, சர் சி. வி. இராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலை அடிப்படையாகக் கொண்ட நிறமாலை முறையோ வேண்டும்.

மீனின் கதை இன்னும் நுட்பமானது. 2018-இல் கேரளத்தில் ஃபார்மலின் தெளித்த மீன் பெருமளவில் பிடிபட்டபோது நாடெங்கும் அச்சம் பரவியது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கிய சோதனைத் தாள் அப்போது பெரிதும் உதவிற்று. ஆயினும் கடல்மீனின் உடலில் இயற்கையாக உள்ள டிரைமெதில் அமீன் ஆக்ஸைடு என்னும் பொருள், மீன் இறந்தபின் சிதைந்து தானாகவே ஃபார்மால்டிஹைடைத் தரக்கூடும். பாம்பே டக் என வழங்கும் மீனில் இது மிகுதி. ஆகவே ஃபார்மால்டிஹைடு இருக்கிறது என்று அறிவதோடு பணி முடிவதில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதைத் திரவ நிறப்பிரிகை முறையால் அளக்க வேண்டும். எந்த இன மீனில் இருக்கிறது என்பதையும் அறிய வேண்டும். தலையும் செதிலும் நீக்கித் துண்டாக்கப்பட்ட மீனாயின், அதன் டி.என்.ஏ.வைப் படித்து இனத்தை அறியும் முறை உண்டு. ஒரு நிறமாற்றத்தைக் கண்ட மாத்திரத்தில் கடைக்காரரின் பெயரைப் பத்திரிகைக்குத் தருவது விஞ்ஞானமும் அன்று, நீதியும் அன்று.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு, ஐயம் தோன்றியதுமே பண்டத்தை அழித்துவிடலாகாதா என்று சிலர் வினவுவர். அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்ததால் கொள்ளைநோய்போல் நீர்க்கோவை பரவி, 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய வேளையில் தாமதமே குற்றமாகும். ஆனால் அந்த நிகழ்ச்சி கற்பிக்கும் மற்றொரு பாடமும் உண்டு. நைட்ரிக் அமிலச் சோதனை அந்த நச்சு எண்ணெயை ஏறத்தாழ 0.25 சதவீதம் இருந்தால்தான் காட்டும். தாள் நிறப்பிரிகை முறையோ 0.0001 சதவீதத்தையும் காட்டவல்லது. எளிய சோதனையை மட்டும் நம்பினால் நிரபராதி அகப்படுவதோடு, நஞ்சும் தப்பிச் செல்லும். ஐயத்துக்குரிய பண்டத்தை உடனே விற்பனையிலிருந்து நிறுத்தி வைப்பதும், குற்றம் சாட்டுவதை ஆராய்ச்சிச்சாலையின் முடிவு வரும்வரை ஒத்திவைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முன்னது மக்களைக் காக்கும். பின்னது வியாபாரியைக் காக்கும்.

ஆராய்ச்சிச்சாலையின் மதிப்பும் அதற்கு வந்து சேரும் மாதிரியைப் பொறுத்ததே. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், எடுக்கும் மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும் என்கிறது. ஒன்று பகுப்பாய்வாளரிடம் செல்லும். அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். இரண்டு பகுதிகள் நியமன அலுவலரிடம் இருக்கும். எஞ்சியதை வியாபாரி கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆராய்ச்சிச்சாலைக்கு அனுப்பலாம். இந்த ஏற்பாட்டை வெறும் அலுவலகச் சடங்காக எண்ணலாகாது. ஒரு முடிவை மற்றொரு கையால் சரிபார்க்கலாம் என்னும் விஞ்ஞான நெறியே இங்கே சட்டமாகியிருக்கிறது. மூட்டையின் மேற்பரப்பில் மட்டும் ஒரு கரண்டி அள்ளியோ, முந்தைய கடையின் தூள் ஒட்டிய கரண்டியாலேயே அடுத்த கடையில் அள்ளியோ மாதிரி எடுத்தால், பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள கருவியும் தவறான விடையையே நுட்பமாகத் தரும். மூட்டையின் பல இடங்களில் எடுத்துக் கலந்த மாதிரியே மூட்டைக்காகப் பேசும்.

கருவிகளும் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொள்ள இயலா. அளவு தெரிந்த பொருள் ஒன்றை வைத்து அவற்றை அவ்வப்போது சோதிக்க வேண்டும். தில்லியிலேயே உள்ள தேசிய இயற்பியல் ஆராய்ச்சிச்சாலை நாட்டின் அளவுத் தரங்களைக் காத்து வருவதோடு, இத்தகைய சான்றளிக்கப்பட்ட ஒப்புப் பொருள்கள் உருவாகவும் துணைபுரிகிறது. சந்தைக் கூடையிலிருக்கும் ஒரு கைப்பிடி மஞ்சளின் உண்மை, இறுதியில் அத்தகைய தரங்களிலேயே ஊன்றி நிற்கிறது.

இந்நெறியைப் பள்ளியிலேயே விதைக்கலாம். அதற்கு விலையுயர்ந்த உபகரணம் வேண்டியதில்லை. மஞ்சள் சோதனையைச் செய்து காட்டும் ஆசிரியர், கடைத்தூளோடு வீட்டில் இடித்த தூய மஞ்சளையும், மஞ்சளே இல்லாத வெறும் அமிலத்தையும் பக்கத்திலேயே வைத்துக் காட்டட்டும். மூன்று குழாய்களையும் ஒப்பிட்டபின் முடிவு கூறும்படி மாணவரைப் பழக்கட்டும். ஒப்புநோக்காமல் முடிவு கூறலாகாது என்னும் பழக்கம் இளமையிலேயே படிந்துவிட்டால், நாளை அம்மாணவர் அதிகாரியாக வந்தாலும் வியாபாரியாக வந்தாலும், கூடையோடு வரும் குடும்பத்தலைவியாக வந்தாலும் சந்தைக்கு நன்மையே விளையும்.

சந்தை நம்பிக்கையால் நடப்பது. மக்கள் உண்ணும் உணவில் நஞ்சு இல்லை என்ற நம்பிக்கையும், நேர்மையாக விற்பவர் வீண்பழிக்கு ஆளாகமாட்டார் என்ற நம்பிக்கையும் அதற்கு ஒருசேர வேண்டும். இவ்விரண்டையும் ஒரே வேளையில் காக்கும் ஆற்றல் முறையாக எடுத்த மாதிரிக்கும் முறையாகச் செய்த பகுப்பாய்வுக்குமே உண்டு. உரைகல்லைக் கையில் வைத்திருப்போர் அதன் எல்லையையும் அறிந்திருப்பது கடமையாகும்.