காற்று உண்டு, கம்பி எங்கே?

மின்னிலையம் திறக்கும் நாளில் தோரணம் ஆடும், மேடை முழங்கும். அங்கே பிறக்கும் மின்சாரம் எந்த வழியாக ஊர் வந்து சேரும் என்று கேட்பவர் எத்தனை பேர்? உற்பத்தியைப் பற்றி உரக்கப் பேசுவோர் பாதையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆகவேதான் இந்த வாரம் பாதையைப் பற்றி எழுதுகிறோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கயத்தாற்று வெளியிலும் ஆண்டுதோறும் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. கேட்காமலே வரும் செல்வம்! ஆயினும், மின்வெட்டு தமிழகத்தை வாட்டிய 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காற்று சுழன்றடித்த நாள்களிலேயே காற்றாலைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. காற்றுக்குப் பஞ்சமா? இல்லை. சக்கரத்துக்குப் பஞ்சமா? அதுவும் இல்லை. ஆலைகள் பெருகிய வேகத்தில் பாதை பெருகவில்லை என்பது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

பாதை எவ்வளவு தாங்கும்? மின்னோட்டம் மிகுந்தால் கம்பி சூடேறும், சூடேறினால் நீளும், நீண்டால் தொய்ந்து மரத்தையும் மனிதனையும் நெருங்கும். இது முதல் எல்லை. தொலைவு மிகுந்தால் மறுமுனையில் அழுத்தம் குன்றும். இது இரண்டாவது. இன்னும் நெடிய பாதையில் இருமுனை இயந்திரங்களும் இசைந்து சுழலும் ஒழுங்கு குலையும். இது மூன்றாவது. கம்பி சூடேறாமலே பாதை தன் எல்லையைத் தொட்டுவிடலாம்!

2012 ஜூலை 30 அன்று நடந்ததை நினைவு கூருங்கள். பினா–குவாலியர் இடையே 4,00,000 வோல்ட் பாதை பெருஞ்சுமையுடன் இருந்தது. கம்பியில் பழுதில்லை, ஆயினும் சுமையையே பழுதெனக் கொண்டு பாதுகாப்புக் கருவி அதனைத் துண்டித்தது. வடபுலம் இருண்டது. மறுநாள் மீண்டும் வீழ்ச்சி. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் நின்றது.

வழி என்ன? அழுத்தத்தை உயர்த்துவது. அதே கம்பியில் அதே மின்சாரத்தை இருமடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் பாதியாகும். வெப்பமாக வீணாவது காற்பங்காகும். நெடிய பாதை சுமக்கும் அளவோ ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

நிலக் கணக்கையும் பாருங்கள். நம் நாட்டு வழக்கப்படி 1,10,000 வோல்ட் பாதைக்கு 22 மீட்டர் அகலம் வேண்டும். 2,20,000 வோல்ட் பாதைக்கு 35 மீட்டர். பின்னது ஒன்று சுமப்பதைச் சுமக்க முன்னதில் நான்கு பாதை வேண்டுமானால் 88 மீட்டர் ஆகிறதே! உழவன் நிலத்தை அதிகம் விழுங்குவது எது? உயர்ந்த அழுத்தமா, தாழ்ந்த பார்வையா?

இதனால், எங்கும் உயரழுத்தமே வேண்டும் என்பது நம் வாதமன்று. அழுத்தம் ஏற ஏறக் கோபுரமும் காப்புக் கிண்ணங்களும் மின்மாற்றியும் விலை ஏறும். சிற்றூருக்கு 11,000 வோல்ட் போதுமென்றால் அதுவே சரி. தொலைவும் சுமையும் சேர்ந்தே அழுத்தத்தை முடிவு செய்ய வேண்டும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 8,00,000 வோல்ட் நேர்மின் பாதை அமைந்தது. 6,000 மெகாவாட் சுமக்க வல்லது. அத்தகைய கோபுரங்கள் கொங்கு மண்ணில் எழுந்தபோது, 2018-இல், உழவர்கள் போராடினர். சாலையோரம் நிலத்தடியே கொண்டு செல்லுங்கள் என்றனர். அந்தக் குரலை வளர்ச்சியின் பகை என்று தள்ளுவது அறமாகாது. நிலத்தடிக் கம்பியின் செலவு மிகுதிதான். ஆனால் நாட்டுக்கு வெளிச்சம் வரத் தன் தென்னையை வெட்டக் கொடுப்பவனுக்குக் கணக்கைக் காட்டக் கூடாதா?

ஆகவே, தோழர்களே! உங்கள் ஊருக்குப் பாதை வருகிறது என்றால் கேளுங்கள்: எத்தனை ஆண்டுத் தேவைக்கு இந்த அழுத்தம்? மூன்று எல்லைகளில் எது முதலில் தடுக்கும்? ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்குமா? நிலத்துக்குரிய தொகை கோபுரம் எழுமுன் கைக்கு வருமா? இன்று போடும் பாதை நம் பிள்ளைகள் காலத்திலும் நிற்கும். இன்றே கேட்காவிட்டால், அவர்கள் மீண்டும் ஒரு பாதைக்காக மீண்டும் நிலம் இழப்பார்கள்.