எடை குறைக்கிறேன்னு தமிழைக் கழட்டாதீங்க

மென்பொருளைத் துண்டு துண்டாப் பிரிச்சுக் கொடுக்கறதுல எனக்குச் சண்டை இல்லை. எங்க வெட்டறாங்கங்கறதுலதான் சண்டை.

டெபியன் லினக்ஸ்காரங்க பல வருஷமா இதைச் செய்யறாங்க. மூலநிரல் ஒண்ணுதான். ஆனா ஓடறதுக்கு வேண்டியது ஒரு பேக்கேஜ், நிரல் எழுதறவங்களுக்கு வேண்டியது இன்னொண்ணு, கையேடு தனி. "டிஸ்க்தான் மலிவாச்சே, மொத்தமாக் கொடுத்தா என்ன?"ன்னு கேக்கறவங்களுக்கு இந்த பி.காம்காரனோட கணக்கு இது: பிரிக்கற வேலை ஒருத்தருக்குத்தான். பிரிக்காம விட்டா லட்சம் பேர் இடத்துக்கும் டேட்டாவுக்கும் தண்டம் அழணும்.

இப்ப மொழிக்கு வருவோம். ஸ்கேன் பண்ண பக்கத்துல இருந்து எழுத்தைப் படிச்சுக் கொடுக்கற டெசராக்ட்டை டெபியன்ல நிறுவினா, ஆங்கிலத்துக்கான தரவு கூடவே வரும். தமிழ் தனி பேக்கேஜ், கேட்டாத்தான் வரும். நூத்துக்கு மேல மொழி இருக்கு, எல்லாத்தையும் கட்டி அனுப்ப முடியாதுதான், ஒத்துக்கறேன். அதோட, டெபியனை நிறுவும்போதே "உங்க மொழி என்ன?"ன்னு கேக்கறாங்க. தமிழ்னு சொன்னா தமிழுக்குன்னு தனித் தொகுப்பு இருக்கு. அந்த மரியாதை போதும்.

ஆண்ட்ராய்டு கதை வேற. 2018ல கூகுள் 'ஆப் பண்டில்' கொண்டு வந்தாங்க. 2021 ஆகஸ்ட்ல இருந்து பிளே ஸ்டோர்ல புது ஆப் போட அதுதான் கட்டாயம். திரை, சிப், மொழின்னு பிரிச்சு, அந்தந்த போனுக்கு வேண்டியது மட்டும் இறங்கும். எந்த மொழின்னு எப்படி முடிவாகுது? போன் செட்டிங்கை வச்சு.

இங்க மர்பி டவுன்ல எங்க மேல்வீட்டுப் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். போன் வாங்கிக் கொடுத்த பேரன் படிச்சது கன்னடமும் இங்கிலீஷும், அதனால செட்டிங் இங்கிலீஷ். அவங்க வச்சிருக்கற ஒரு ஆப்ல 'தமிழ்'னு பட்டன் இருக்கு. அமுக்கினா திரும்பவும் இங்கிலீஷ்தான் வருது. தமிழ்த் துண்டு அந்த போனுக்கு வரவே இல்லையே, எப்படி மாறும்?

ஆப் எழுதறவங்க மொழிப் பிரிப்பை மட்டும் நிறுத்தறதுக்கு ஒரு சின்ன அமைப்பு போதும். இல்லேன்னா பட்டனை அமுக்கும்போது அந்தத் துண்டை இறக்கலாம். ரெண்டுக்கும் கூகுளே வழி வச்சிருக்காங்க. கேட்டா "சைஸ் குறையுது சார்"ங்கறாங்க. என்னத்தைக் குறையுது? பொதுவா இடத்தை அடைக்கறது படங்களும் சிப்புக்கு ஏத்த கோப்புகளும். எழுத்து வரிகள் அதுக்குப் பக்கத்துல நிக்காது. பிராஞ்ச்ல செலவைக் குறைக்கச் சொன்னா, ஏசியை விட்டுட்டு வாசல் தண்ணிப் பானையைத் தூக்கற மேனேஜர் மாதிரி இருக்கு! (எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் இருந்தார், பேர் வேண்டாம் :-))

மக்களே, ஊர்ல இருக்கற அம்மா அப்பா போனை அடுத்த தடவை கையில எடுக்கும்போது, செட்டிங்ல மொழிப் பட்டியலுக்குப் போய் ரெண்டாவது மொழியாத் தமிழைச் சேர்த்து வைங்க. முதல் மொழியை மாத்தணும்னு இல்லை. ஆப்ல தமிழ் இருந்தா பிளே ஸ்டோர் அந்தத் துண்டையும் சேர்த்து இறக்கும். ஆப் எழுதற மகராசன்களுக்குப் புத்தி வர்ற வரைக்கும் இந்தக் கைவைத்தியம்தான்.